தடம் மாறிய ஆக்சிஜன்

அந்தமானின் கராச்சர்மாவிலும் சரி, கடலூரிலும் சரி, மருந்துக்கடை அலமாரியில் இரண்டு வகைச் சரக்கைப் பார்க்கலாம். ஒன்று, டாக்டர் சீட்டுக்குக் கொடுக்கும் பிரஷர் மாத்திரை. மற்றொன்று, சீட்டில்லாமலே கிடைக்கும் ஆன்டிஆக்சிடன்ட் கேப்ஸ்யூல். உயர் ரத்த அழுத்தத்துக்கு உடலுக்குள் நடக்கும் ஆக்சிஜனேற்றம் ஒரு காரணம் என்று பத்திரிகைகளின் உடல்நலப் பக்கங்கள் எழுதுகின்றன. அது பொய்யில்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலான ஆய்வுகள் அதற்குத் துணை நிற்கின்றன. அப்படியானால் படிப்பவர் மனத்தில் ஒரு கேள்வி எழுவது இயல்பு. ஆக்சிஜனேற்றம்தான் காரணம் என்றால், அதைத் தடுக்கும் கேப்ஸ்யூலை டாக்டர் ஏன் எழுதுவதில்லை? ஆம்லோடிபைன், டெல்மிசார்ட்டன் என்று வாயில் நுழையாத பெயர்களையே ஏன் எழுதிக்கொண்டிருக்கிறார்? எல்லாம் மருந்துக் கம்பெனிகளின் வேலை என்று சொல்பவர்கள் உண்டு. கேப்ஸ்யூலை விற்பதும் கம்பெனிதான் என்பது அவர்கள் கணக்கில் வருவதில்லை.

இந்தக் கேள்வி அந்தமான் நிக்கோபாரில் ஏட்டளவில் நிற்பதன்று. கராச்சர்மாவுக்கு அருகிலேயே, டாலிகஞ்சில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வட்டார மையம் இருக்கிறது. தீவுகளில் காணும் நோய்களை ஆராய்வதற்காக 1983இல் தொடங்கப்பட்ட மையம் அது. அதன் ஆய்வாளர்கள் கார் நிக்கோபார் தீவில் நிக்கோபாரி மக்களின் ரத்த அழுத்தத்தை அளந்தார்கள். 2011இல் வெளியான அந்த ஆய்வின்படி, வயதுவந்தோரில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. நாடு முழுவதும் நடந்த மற்றொரு பெரிய கணக்கெடுப்பு 2023இல் வெளியானது. சென்னையைச் சேர்ந்த சர்க்கரைநோய் ஆராய்ச்சியாளர்கள் முன்நின்று நடத்திய அந்தக் கணக்கெடுப்பு, இந்தியாவில் வயதுவந்தோரில் 35.5 விழுக்காட்டினருக்கு இந்த நோய் இருப்பதாகச் சொல்கிறது. தென்னையும் மீனும் கடற்காற்றும் சூழ்ந்த தீவு இதயத்துக்கு நல்ல இடம் என்று தூரத்திலிருந்து பார்ப்பவர் நினைக்கலாம். அளவுகோல் அப்படிச் சொல்லவில்லை.

ஆக்சிஜனேற்றம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் நினைவுக்கு வருவது துரு. உப்புக்காற்று படும் ஊரில் தகரக் கூரை சில பருவமழைக்குள் எப்படி அரிக்கப்படுகிறது என்பதைத் தீவுவாசிகளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. ரத்தக்குழாயும் அப்படித்தான் உள்ளுக்குள் துருப்பிடிக்கிறது என்று எண்ணிவிட்டால் மீதிக் கதை தானாக ஓடிவிடும்: துருவுக்குப் பெயின்ட், ரத்தக்குழாய்க்கு கேப்ஸ்யூல். இந்த அத்தியாயத்தின் வாதம் இந்த எண்ணத்துக்கு எதிரானது. ரத்த அழுத்தத்தில் ஆக்சிஜன் செய்யும் கேடு முதன்மையாக அரிப்பு அன்று. ஒரு செல் பக்கத்துச் செல்லுக்கு அனுப்பும் செய்தியை அது நடுவழியில் பறித்துவிடுகிறது. எந்த இடத்தில் பறிக்கிறது, எந்த நொதி பறிக்கிறது என்பதே முக்கியம். கேப்ஸ்யூல் தோற்றதற்கும் டாக்டரின் மாத்திரை வென்றதற்கும் காரணம் அங்கே இருக்கிறது.

உட்படலம் அனுப்பும் செய்தி

ரத்தக்குழாய் வெறும் ரப்பர் குழாய் அல்ல. அதன் சுவரில் தசை இருக்கிறது. தசை இறுகினால் குழாய் சுருங்கும், தளர்ந்தால் விரியும். சிறு குழாய்களின் விட்டம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே ரத்த ஓட்டத்துக்கான தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடும். ஆகவே ரத்த அழுத்தத்தின் பெரும்பகுதிக் கதை, இந்தத் தசையை இறுக்குவது எது, தளர்த்துவது எது என்பதுதான். தசைக்கும் ரத்தத்துக்கும் நடுவே, குழாயின் உள்பக்கம் முழுவதும், ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு படலம் விரிந்திருக்கிறது. அதை இங்கே உட்படலம் என்று அழைப்போம். நெடுங்காலம் இதை ஒரு சாதாரண உறை என்றே மருத்துவர்கள் கருதினார்கள்.

அந்தக் கருத்தை மாற்றியவர் நியூயார்க்கின் புரூக்ளினில் பணியாற்றிய ராபர்ட் ஃபர்ச்காட். அசிட்டைல்கோலின் என்ற பொருளை உயிருள்ள விலங்குக்குச் செலுத்தினால் ரத்தக்குழாய் விரியும். ஆனால் முயலின் பெருந்தமனியிலிருந்து வெட்டியெடுத்த நாடாத்துண்டில் அதே பொருளை இட்டபோது துண்டு சுருங்கியது. பல ஆண்டுகள் விளங்காதிருந்த இந்த முரண்பாட்டுக்கு விடை வெட்டும் முறையில் ஒளிந்திருந்தது. நாடாவாக வெட்டும்போது உள்பக்கம் எங்காவது உரசி, உட்படலம் உதிர்ந்துவிடுகிறது. உரசாமல் எடுத்த துண்டு விரிந்தது. உட்படலம் நீக்கிய துண்டை, உட்படலம் உள்ள துண்டோடு முகத்துக்கு முகம் ஒட்டவைத்தபோது முன்பு சுருங்கியதும் தளர்ந்தது. அப்படியானால் உட்படலம் ஏதோ ஒரு பொருளைச் சுரக்கிறது, அது இடைவெளியைக் கடந்து தசைக்குப் போய்த் ‘தளர்’ என்கிறது. 1980இல் ஃபர்ச்காட் இதை வெளியிட்டார்.

அந்தப் பொருள் எது என்று கண்டுபிடிக்க மேலும் ஏழாண்டு ஆயிற்று. அது நைட்ரிக் ஆக்சைடு. ஒரு நைட்ரஜன் அணுவும் ஒரு ஆக்சிஜன் அணுவும் மட்டுமே சேர்ந்த வாயு. வாகனப் புகையில் இருக்கும் நச்சு என்று மட்டுமே அறியப்பட்டிருந்த ஒன்று, உடலே தயாரிக்கும் தூதுப்பொருளாக இருந்ததை அன்று பலர் நம்பத் தயங்கினார்கள். நெஞ்சுவலி வரும்போது நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரை வேலை செய்வதும் இதே வாயுவை வெளியிட்டுத்தான். ஃபர்ச்காட், லூயி இக்னாரோ, ஃபெரிட் முராட் ஆகிய மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. நைட்ரிக் ஆக்சைடு சில நொடிகளே உயிரோடு இருக்கும். அந்த நொடிகளுக்குள் அது உட்படலத்திலிருந்து தசைக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். நமக்கு வேண்டிய விஷயம் இந்தக் குறுகிய பயணத்தில் இருக்கிறது.

நடுவழியில் ஒரு மோதல்

நாம் மூச்சில் இழுத்து உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் பெரும்பங்கு ஒழுங்காக எரிந்து தண்ணீராகிவிடுகிறது. ஒரு சிறு பங்குக்கு மட்டும் கூடுதலாக ஒரு எலக்ட்ரான் ஒட்டிக்கொள்கிறது. அப்படித் தடம் மாறிய ஆக்சிஜனுக்கு சூப்பர்ஆக்சைடு என்று பெயர். ஃப்ரீ ராடிக்கல் என்று விளம்பரங்கள் பயமுறுத்தும் கூட்டத்தில் இது முக்கியமான ஒன்று. உடலுக்கு இது புதியதல்ல. இதை உடனுக்குடன் அகற்றுவதற்கென்றே ஒரு நொதி செல்களுக்குள் இருப்பதை ஜோ மெக்கார்டும் இர்வின் ஃபிரிடோவிச்சும் 1969இல் கண்டறிந்தார்கள். அகற்றும் வேகத்தை மிஞ்சி உற்பத்தி நடக்கும் நிலையைத்தான் ஆக்சிஜனேற்ற நெருக்கடி என்கிறோம்.

சூப்பர்ஆக்சைடும் நைட்ரிக் ஆக்சைடும் சந்தித்தால் நொடியில் இணைந்துவிடுகின்றன. வேதியியலில் இதைவிட வேகமான வினைகள் அரிது. இரு மூலக்கூறுகளும் மோத வேண்டியதுதான் தாமதம். உடலின் மிகத் திறமையான துப்புரவு நொதியால்கூட இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. சூப்பர்ஆக்சைடை அந்த நொதி பிடிக்கும் வேகத்தைவிட நைட்ரிக் ஆக்சைடு பிடிக்கும் வேகம் ஏறத்தாழ மூன்று மடங்கு. இணைந்தபின் பிறக்கும் பொருளின் பெயர் பெராக்சிநைட்ரைட். அதற்குத் தசையைத் தளர்த்தும் திறன் மிகக் குறைவு, புரதங்களைக் கெடுக்கும் திறன் அதிகம். ஆக, உட்படலம் அனுப்பிய ‘தளர்’ என்ற செய்தி போய்ச் சேரவில்லை. தசை இறுகியே இருக்கிறது. குழாய் குறுகலாகவே நிற்கிறது. இங்கே எதுவும் அரித்துப்போகவில்லை என்பதைக் கவனியுங்கள். சுவர் முழுதாக இருக்கிறது, உட்படலம் தன் வேலையைச் செய்துகொண்டும் இருக்கிறது. ஆனால் அழுத்தம் ஏறுகிறது.

சூப்பர்ஆக்சைடு உட்படலத்தின் செய்தியை அழிக்கிறது என்பதை 1986இல் சால்வடார் மொன்காடாவின் குழு கண்ணாடிக் குடுவைக்குள் காட்டிவிட்டது. உயிருள்ள விலங்கில் இதனால் ரத்த அழுத்தம் ஏறுகிறதா என்பதைக் காட்ட இன்னொரு சோதனை தேவைப்பட்டது.

ஜப்பானிய எலிகள் சொன்னது

1963இல் கியோட்டோவில் ஒகமோட்டோ, ஆவோகி என்ற இருவர் ஓர் எலி இனத்தை உருவாக்கினார்கள். அழுத்தம் அதிகமுள்ள எலிகளையே தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்துப் பெற்ற இனம் அது. உப்பு கொடுக்காமலே, அறுவை செய்யாமலே, வளரவளர தானாக ரத்த அழுத்தம் ஏறும். மனிதருக்கு வரும் காரணம் தெரியாத ரத்த அழுத்தத்துக்கு மிக நெருங்கிய மாதிரி என்று உலகமெங்கும் ஆய்வகங்கள் இதைப் பயன்படுத்துகின்றன. 1991இல் நகசோனோ, இனோவே முதலிய ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்த எலிகளிடம் கேட்ட கேள்வி நேரடியானது: சூப்பர்ஆக்சைடை அகற்றினால் அழுத்தம் இறங்குமா?

அகற்றுவதற்கான நொதி கையில் இருந்தது. மனித செல்லில் இருக்கும் அதே துப்புரவு நொதி. அதை அப்படியே எலியின் ரத்தத்தில் செலுத்தினார்கள். அழுத்தம் அசையவில்லை. சாதாரண எலியிலும் மாற்றமில்லை, அழுத்தம் ஏறிய எலியிலும் மாற்றமில்லை. சோதனை இதோடு நின்றிருந்தால் ‘சூப்பர்ஆக்சைடுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் சம்பந்தமில்லை’ என்று முடிவு எழுதியிருப்பார்கள். ஆனால் அவர்கள் கையில் இரண்டாவது வகை நொதியும் இருந்தது. அதே நொதியின் நுனியில் ஒரு சிறு புரதத் துண்டை ஒட்டியிருந்தார்கள். ரத்தக்குழாய்ச் சுவரின் மேல் இயற்கையாகவே இருக்கும் ஒருவகைச் சர்க்கரைச் சங்கிலியை அந்தத் துண்டு இறுகப் பற்றிக்கொள்ளும். செலுத்தியதும் இந்த நொதி ரத்தத்தில் மிதந்து போகாமல் குழாய்ச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. இப்போது அழுத்தம் ஏறிய எலிகளில் அழுத்தம் தெளிவாக இறங்கியது. சாதாரண எலிகளில் இறங்கவில்லை.

இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஹெப்பாரின் என்ற மருந்தைக் கொடுத்தால், ஒட்டும் நொதி சுவரைப் பற்ற முடியாமல் போகும். அப்படிக் கொடுத்தபோது அழுத்தம் குறைவதும் நின்றுபோனது. மூன்று முடிவுகளையும் சேர்த்துப் படித்தால்தான் சோதனையின் அழகு புரியும். நொதி ஒன்றே, அதன் திறனும் ஒன்றே. ரத்தத்தில் மிதந்தால் பயனில்லை, சுவரில் ஒட்டினால் பயன் உண்டு, சுவரிலிருந்து விலக்கினால் மீண்டும் பயனில்லை. மேலும், நெருக்கடி இல்லாத எலிக்கு இந்த மருந்தால் ஒன்றும் ஆகவில்லை. அதாவது இது பொதுவாக அழுத்தத்தைத் தள்ளிவிடும் பொருளன்று. சூப்பர்ஆக்சைடு மிகுந்த இடத்தில், அந்த இடத்தில் மட்டும், அதை விலக்கியதால் வந்த விளைவு. ஒரு சாதாரண நொதி ஊசி தோற்றதையும் அதே நொதி இடம் மாறி வென்றதையும் ஒரே தாளில் பதிவுசெய்த இந்த ஆய்வைப் படித்தவர்கள், பின்னாளில் கேப்ஸ்யூல் தோற்றபோது அவ்வளவாக வியந்திருக்கத் தேவையில்லை.

காரணமா, விளைவா?

ஒரு நல்ல மறுப்பு இங்கே எழும். அழுத்தம் ஏறிய குழாய் நாளெல்லாம் அடிபடுகிறது. அடிபட்ட செல் சூப்பர்ஆக்சைடை அதிகம் சிந்துவது இயல்புதானே? அப்படியானால் ஆக்சிஜனேற்ற நெருக்கடி நோயின் காரணமா, நோயின் புகையா? எந்த நோயை ஆராய்ந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி இது. கேட்காமல் விட்டதால் மருத்துவ வரலாற்றில் பல தவறான சிகிச்சைகள் வந்திருக்கின்றன.

இதற்கு விடை 1996இல் அட்லான்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. சஞ்சய் ராஜகோபாலன், டேவிட் ஹாரிசன், கேத்தி கிரீன்ட்லிங் முதலியோர் எலிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோனைச் செலுத்தி அழுத்தத்தை ஏற்றினார்கள். சிறுநீரகம் தொடங்கிவைக்கும் ஒரு தொடர்வினையில் பிறந்து, குழாய்களை இறுக்கும் ஹார்மோன் இது. மற்ற கூட்டத்துக்கு நார்அட்ரினலின் கொடுத்து ஏறத்தாழ அதே அளவுக்கு அழுத்தத்தை ஏற்றினார்கள். அழுத்தம் மட்டுமே காரணம் என்றால் இரண்டு கூட்டத்திலும் சூப்பர்ஆக்சைடு கூடியிருக்க வேண்டும். ஆஞ்சியோடென்சின் கூட்டத்தில்தான் கூடியது. நார்அட்ரினலின் கூட்டத்தில் கூடவில்லை. ஆகவே உயர்ந்த அழுத்தம் தானாகவே இந்த நெருக்கடியை உண்டாக்கிவிடவில்லை. ஆஞ்சியோடென்சின் குழாய்ச் சுவரில் ஏதோ ஒரு ஆலையை முடுக்கிவிடுகிறது.

அந்த ஆலைதான் நாக்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் நொதிக் குடும்பம். சூப்பர்ஆக்சைடு செய்வதே இதன் வேலை, பக்கவிளைவாகச் சிந்துவதல்ல. வெள்ளை அணுக்களில் இதன் உறவினர் ஒன்று இருக்கிறது. கிருமிகளைக் கொல்ல சூப்பர்ஆக்சைடைச் சுடுவது அதுதான். நாக்ஸின் ஒரு பாகம் இல்லாமல் வளர்க்கப்பட்ட சுண்டெலிகளுக்கு ஆஞ்சியோடென்சின் கொடுத்தால், மற்ற சுண்டெலிகளுக்கு ஏறும் அளவு அழுத்தம் ஏறுவதில்லை. காரணத்தை நீக்கினால் விளைவு குறைகிறது. மறுப்புக்கு இதைவிட நேரான பதில் கிடைப்பது கடினம். ஆயினும் ‘ஏறுவதே இல்லை’ என்று சோதனை சொல்லவில்லை, ‘குறைவாக ஏறுகிறது’ என்றே சொல்கிறது. சிறுநீரகம் உப்பைப் பிடித்துவைப்பது, நரம்புகள் குழாயை இறுக்குவது என்று வேறு வழிகளும் உண்டு. ஆக்சிஜனேற்ற நெருக்கடி உயர் ரத்த அழுத்தத்தின் ஒரே காரணம் என்று எழுதுபவர்கள் சான்றைத் தாண்டிப் பேசுகிறார்கள்.

நெருக்கடி ஒருமுறை தொடங்கிவிட்டால் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் இயல்பும் அதற்கு உண்டு. நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கும் நொதிக்கு ஒரு துணைமூலக்கூறு தேவை. அது ஆக்சிஜனேற்றம் அடைந்து கெட்டால், நொதி நின்றுவிடுவதில்லை; நைட்ரிக் ஆக்சைடுக்குப் பதிலாக சூப்பர்ஆக்சைடைச் செய்யத் தொடங்குகிறது. நாக்ஸ் மூட்டிய நெருப்பு இப்படித்தான் இரண்டாவது ஆலைக்கும் பரவுகிறது. 2003இல் சுண்டெலிகளில் இதைக் காட்டிய ஆய்வில், அந்தத் துணைமூலக்கூறை உணவில் சேர்த்துக் கொடுத்தபோது அழுத்தம் ஏறுவது மட்டுப்பட்டது.

எலிக்குச் சரி, மனிதருக்கு?

எலியில் வென்று மனிதரில் தோற்ற மருந்துகள் கணக்கற்றவை. அதனால் மனிதச் சான்று இல்லாமல் இந்த வாதம் நிற்காது. ஒரு சான்று துயரமான நோயிலிருந்து வருகிறது. வெள்ளை அணுக்களின் நாக்ஸ் பிறவியிலேயே வேலை செய்யாத குழந்தைகள் அபூர்வமாகப் பிறக்கிறார்கள். சூப்பர்ஆக்சைடு சுட முடியாததால் சாதாரணக் கிருமிகளே இவர்களைத் திரும்பத் திரும்பத் தாக்கும். 2009இல் இத்தாலிய ஆய்வாளர்கள் இவர்களின் தமனிகளைச் சோதித்தார்கள். ரத்த ஓட்டம் கூடும்போது இவர்களின் தமனி மற்றவர்களின் தமனியைவிட நன்றாக விரிந்தது. மனிதரிலும் நாக்ஸ் நைட்ரிக் ஆக்சைடைப் பறிக்கிறது என்பதை இயற்கையே செய்துகாட்டிய சோதனை இது. சூப்பர்ஆக்சைடை முற்றாக ஒழிப்பது நல்லதன்று என்பதையும் அதே குழந்தைகள் காட்டிவிடுகிறார்கள்.

மற்றொரு சான்று பீசா நகரிலிருந்து வந்தது. 1998இல் ஸ்டெஃபானோ டாட்டேயின் குழு, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களின் கைத்தமனிக்குள் வைட்டமின் சியை நேரடியாகச் செலுத்தியது. அசிட்டைல்கோலினுக்கு அதுவரை சரியாக விரியாத குழாய்கள் அப்போது நன்றாக விரிந்தன. அழுத்தம் இயல்பாக உள்ளவர்களில் இந்த மாற்றம் இல்லை. ஜப்பானிய எலிகளின் முடிவு அப்படியே மனிதக் கையில் திரும்பியது. கேப்ஸ்யூல் விற்பவர்கள் பெரும்பாலும் கதையை இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். தமனிக்குள் செலுத்தினால் நடப்பது, வாயில் விழுங்கினாலும் நடக்குமா?

ஒரே சோதனையில் இரண்டு மாத்திரைகள்

இதற்குப் பதில் சொல்ல ஒரு பெரிய மனிதச் சோதனை தற்செயலாக மிகப் பொருத்தமாக அமைந்தது. கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் சலீம் யூசுஃப் தலைமையில் நடந்த ‘ஹோப்’ சோதனை 2000இல் வெளியானது. மாரடைப்பு, பக்கவாதம் வரும் வாய்ப்பு அதிகமுள்ள, 55 வயதைக் கடந்த 9,000க்கும் மேற்பட்டோர் அதில் சேர்ந்தார்கள். அவர்களில் பாதிப்பேருக்கு ராமிப்ரில், பாதிப்பேருக்கு வெற்று மாத்திரை. அதோடு, தனியாகக் குலுக்கிப் பிரித்து, பாதிப்பேருக்கு நாளொன்றுக்கு 400 அலகு வைட்டமின் இ, பாதிப்பேருக்கு வெற்று மாத்திரை. ராமிப்ரில் ஆஞ்சியோடென்சின் உருவாவதைத் தடுக்கும் மருந்து. வைட்டமின் இ பெயர்பெற்ற ஆன்டிஆக்சிடன்ட். ஒரே மக்கள், ஒரே நாலரை ஆண்டு.

வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 17.8 விழுக்காட்டினருக்கு மாரடைப்போ பக்கவாதமோ இதயநோய் மரணமோ ஏற்பட்டது. ராமிப்ரில் எடுத்தவர்களில் அது 14 விழுக்காடாகக் குறைந்தது. வைட்டமின் இ எடுத்தவர்களில் 16.2 விழுக்காடு, எடுக்காதவர்களில் 15.5. பலன் ஏதுமில்லை. மேலும் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, வைட்டமின் இ எடுத்தவர்களுக்கு இதயச் செயலிழப்பு சற்றுக் கூடியிருந்ததும் தெரிந்தது. 2002இல் பிரிட்டனில் 20,000க்கும் மேற்பட்டோருக்கு வைட்டமின் இ, சி, பீட்டாகரோட்டின் மூன்றையும் சேர்த்து ஐந்தாண்டு கொடுத்த சோதனையும் பலன் காணவில்லை.

இதைப் பார்த்து ‘ஆக்சிஜனேற்றக் கோட்பாடே தவறு’ என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். அந்த முடிவு அவசர முடிவு. கணக்கு வேறு கதை சொல்கிறது. நைட்ரிக் ஆக்சைடு சூப்பர்ஆக்சைடோடு இணையும் வேகம், வைட்டமின் சி இணையும் வேகத்தைப்போலப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல். அந்தப் போட்டியில் வைட்டமின் சி வெல்ல வேண்டுமானால் ஆள்பலத்தால் மட்டுமே வெல்ல முடியும். அதற்கு ரத்தத்தில் இயல்பாக இருப்பதைப்போல நூறு மடங்குக்கு மேல் வேண்டும். பீசாவில் தமனிக்குள் செலுத்தியபோது ஏறத்தாழ அந்த அளவு அந்த இடத்தில் கிடைத்தது. வாயால் விழுங்கினால் கிடைக்காது. ஓரளவுக்கு மேல் போனால் குடல் உறிஞ்சுவதைக் குறைத்துக்கொள்கிறது, சிறுநீரகம் மிச்சத்தை வெளியே தள்ளுகிறது. ரத்தத்தின் அளவு ஒரு வரம்பில் நின்றுவிடும். நாளைக்கு ஒன்றுக்குப் பதில் நாலு மாத்திரை போட்டாலும் மிகுதி வெளியே போகும், அவ்வளவுதான். வைட்டமின் இயோ கொழுப்பில் கரைவது. அது செல்சவ்வின் கொழுப்புக்குள் தங்குகிறது. செய்தி பறிபோவது அங்கே அல்ல.

ராமிப்ரில் சூப்பர்ஆக்சைடைத் துரத்திப் பிடிப்பதில்லை. ஆஞ்சியோடென்சினைக் குறைத்து, நாக்ஸ் ஆலை முடுக்கப்படுவதைத் தணிக்கிறது. அந்த மருந்தின் பலன் முழுவதும் இந்த ஒரு வழியால் வந்தது என்று சொல்ல முடியாது. குழாயைத் தளர்த்துவது, உப்பை வெளியேற்ற உதவுவது என்று அதற்கு வேறு வேலைகளும் உண்டு. ஆனால் வாதத்துக்கு இதுவே போதும்: ஆக்சிஜனேற்ற நெருக்கடிக்கு எதிரான மருந்தை டாக்டர் எழுதுவதில்லை என்ற குற்றச்சாட்டு சரியல்ல. ராமிப்ரில், டெல்மிசார்ட்டன் வகை மாத்திரைகளை எழுதும்போதெல்லாம் அவர் அதைத்தான் எழுதுகிறார்.

வைட்டமின் சி பற்றி ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. 2012இல் 29 சிறு சோதனைகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லிகிராம் எடுத்தவர்களில் மேல் அழுத்தம் 3.8 புள்ளி குறைந்திருந்தது. இதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் அவை பெரும்பாலும் சில வாரங்களே நடந்த, சில பத்துப் பேரைக் கொண்ட சோதனைகள். 160 அழுத்தம் உள்ளவரை அந்த 3.8 புள்ளி 156க்குத்தான் கொண்டுவரும். சிகிச்சை என்று அதைச் சொல்ல முடியாது.

கீரையும் கருவாடும்

அப்படியானால் பழமும் காய்கறியும் தின்னச் சொல்வது ஏன்? அவற்றில் இருப்பதும் ஆன்டிஆக்சிடன்ட்தானே? தட்டிலிருந்து வரும் பலன் உண்மை. 1997இல் அமெரிக்காவில் நடந்த ‘டேஷ்’ சோதனையில், காய், பழம், கொழுப்பு குறைந்த பால்பொருள்கள் நிறைந்த உணவை எட்டு வாரம் உண்ட உயர் ரத்த அழுத்தக்காரர்களுக்கு மேல் அழுத்தம் 11 புள்ளிக்கு மேல் இறங்கியது. ஒரு மாத்திரைக்கு நிகரான இறக்கம். ஆனால் இதற்கான புகழை வைட்டமின்களுக்குக் கொடுத்துவிடுவது பிழை. அந்த உணவில் பொட்டாசியம் அதிகம், அது உப்பை வெளியேற்ற உதவுகிறது. கீரையில் வேறொரு சங்கதியும் உண்டு. தண்டுக்கீரை, பாலக் போன்ற இலைகளிலும் பீட்ரூட்டிலும் நைட்ரேட் நிறைந்திருக்கிறது. நாக்கின் மேல் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன, உடல் அதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடைச் செய்துகொள்கிறது. கிருமிநாசினி கொண்டு வாயைக் கொப்பளித்து அந்தப் பாக்டீரியாக்களைக் கொன்றால் இந்தப் பலன் குறைந்துவிடுவதையும் சோதித்திருக்கிறார்கள். கீரை இங்கே பறிப்பவரைப் பிடிக்கவில்லை. பறிபோன செய்தியை வேறு வழியாகத் திரும்ப அனுப்புகிறது.

தீவில் உப்பைப் பற்றிப் பேசாமல் இந்த அத்தியாயத்தை முடிக்க முடியாது. உப்பு நீரைப் பிடித்துவைத்து அழுத்தத்தை ஏற்றும் என்பது பழைய பாடம். புதிய பாடம் வேறு. உப்பு தின்றும் அழுத்தம் ஏறாத ஆரோக்கியமானவர்களுக்கு ஒரு வாரம் உப்பு மிகுந்த உணவு கொடுத்து, தோலின் நுண்குழாய்களைச் சோதித்தார்கள். அழுத்தமானி காட்டும் எண் மாறவில்லை. ஆனால் நுண்குழாய்கள் முன்போல் விரியவில்லை. அந்த இடத்தில் மட்டும் வைட்டமின் சியைச் செலுத்தியபோது மீண்டும் விரிந்தன. அதாவது ‘எனக்கு உப்பு ஒன்றும் செய்யாது’ என்பவரின் குழாய்ச் சுவரிலும் பறிப்பு நடந்துகொண்டுதான் இருந்தது. கருவாடு, ஊறுகாய், அப்பளம், பாக்கெட் நொறுக்குத்தீனி எல்லாம் சேர்ந்து எவ்வளவு உப்பு வயிற்றுக்குப் போகிறது என்று கணக்குப் பார்ப்பவர் குறைவு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் கீழ், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. இந்தப் பறிப்புக்குப் புகையிலைப் புகை இன்னொரு பெரிய ஊற்று. ஒவ்வொரு இழுப்பும் நைட்ரிக் ஆக்சைடைப் பறிக்கும் பொருள்களை நேராக ரத்தத்துக்கு அனுப்புகிறது.

உடற்பயிற்சியின்போதும் உடலில் சூப்பர்ஆக்சைடு கூடத்தான் செய்கிறது. அந்தத் தற்காலிக ஏற்றத்தைக் கண்டு உடல் தன் துப்புரவு நொதிகளைப் பெருக்கிக்கொள்கிறது. மிதமான ரத்த அழுத்தம் உள்ள முதியவர்கள் சிலருக்குப் பயிற்சியால் அழுத்தம் இறங்கியிருந்தது. அவர்களுக்கு வைட்டமின் சி, இ அடங்கிய கலவையைக் கொடுத்ததும் அந்த இறக்கம் மறைந்துவிட்டது என்கிறது 2009இல் வெளிவந்த ஒரு சிறு ஆய்வு. சிறு ஆய்வுதான், அதை வைத்துச் சட்டம் போட முடியாது. ஆனாலும் காலையில் நடந்துவிட்டு வந்து கேப்ஸ்யூல் போடுபவர் ஒருமுறை யோசிக்கலாம்.

பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு கேப்ஸ்யூலுக்கு மாறலாமா என்று கேட்பவருக்கு, இதுவரை உள்ள சான்று தரும் பதில் ‘வேண்டாம்’ என்பதுதான். இரண்டும் சேர்த்துப் போடுவது பெரும்பாலும் பணவிரயம். உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் வலிக்காது, தலை சுற்றியும் தெரியாது, அளந்தால்தான் தெரியும். முப்பது வயதைக் கடந்த யாராக இருந்தாலும் அடுத்தமுறை அரசு மருத்துவமனைப் பக்கம் போகும்போது கையை நீட்டி ஒருமுறை பிரஷர் பார்த்துக்கொள்ளுங்கள். மேல் அழுத்தம் 140ஐத் தாண்டியிருந்தால் இன்னொரு நாள் போய் மறுபடியும் அளந்து, டாக்டரிடம் காட்டுங்கள்.